சாமியாத்தாளின் வயது

திருப்பூர்
18-12-1960

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தம்பி ஞானாபரணம் எழுதிக்கொள்வது. நான், எமிலி, பெண்கள் இருவர் எல்லோரும் தேவ தயவால் சுகம். அத்தானுக்கு இருமல் நின்றதா? பனி விழுகிற நேரத்தில் அவரை ஆலயத்துக்கு நடக்க விட வேண்டாம்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே பனியன்கள் பன்னிரண்டு. காசு கொடுத்து வாங்கவில்லை, பயப்படாதீர்கள். இங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கும் கிட்டுசாமி என்பவர் கிறிஸ்துமஸுக்காக நம் பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மிஞ்சியதில் கொஞ்சம் எனக்கென்று கட்டிக் கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய செய்தி, நாம் கட்ட ஆரம்பித்திருக்கும் இரண்டு வகுப்பறைகளுக்குக் கூரைத் தகடு முழுவதும் தம்முடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டார். நான் தலைமை ஆசிரியரான ஒன்பது வருஷமாக மழை பெய்தால் ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே அறையில்தான். ஜெபத்துக்குப் பதில் வந்தது என்றே நினைக்கிறேன்.

இந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் வேதபாடம் வாசித்தவள் ஆறாம் வகுப்புச் சாமியாத்தாள். முருகனுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளை. பதினொரு வயதுதான். மேய்ப்பர்கள் பயந்த இடத்தை அவள் வாசித்தபோது முதல் வரிசைச் சின்னப் பிள்ளைகள் நிஜமாகவே பயந்துபோய் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவள் தாய் நல்லம்மாள் நம் கட்டட வேலையில்தான் சித்தாளாக மண் சுமக்கிறாள். சும்மாட்டுத் துணியோடு வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எம்புள்ள எட்டாவது முடிச்சு வாத்தியாரம்மா ஆகோணுங்க, நீங்கதான் பாத்துக்கோணும்" என்றாள். ஆகட்டும் என்றேன்.

ஜெபத்தில் எங்களை நினைக்கவும்.

உங்கள் தம்பி
ஞானாபரணம்


நாசரேத்
3-1-1961

அன்புத் தம்பி ஞானத்துக்கு,

புது வருஷத்தின் முதல் கடிதம் உனக்குத்தான். எல்லோரும் சுகம். அத்தானின் இருமல் போய்விட்டது, வயிறுதான் போகவில்லை. உன் பனியனை மாட்டிக்கொண்டு மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். பையன்கள் இருவரும் கழற்ற மாட்டேன் என்கிறார்கள். உன் கிட்டுசாமிக்கு எங்கள் ஸ்தோத்திரத்தைச் சொல்.

அந்தப் பிள்ளை சாமியாத்தாள் பற்றி எழுதினாயே, அதை இரண்டு தரம் வாசித்தேன். இருபத்தாறு வருஷம் வகுப்பில் நின்றவளுக்குத் தெரியும், வாசிக்கத் தெரிந்த பிள்ளை பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். அவள் எட்டாவது முடிக்கட்டும். அதற்கு மேல் படிப்புக்கும் விடுதிக்கும் இங்கே நான் பொறுப்பு. தாயிடம் இப்போதே சொல்லிவை. அடுத்த கடிதத்தில் அவள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று எழுது.

எமிலிக்கு என் முத்தங்கள்.

அக்கா
சொர்ணபாய்


திருப்பூர்
19-3-1961

பிரியமான அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தட்டம்மை போட்டு இறங்கிவிட்டது.

கட்டடம் கூரை வரைக்கும் வந்துவிட்டது. தகடுகளும் போன மாதக் கடைசியில் வந்து இறங்கின. ஊத்துக்குளி ரோட்டிலிருந்து பார்த்தால் நம் பள்ளிதான் முதலில் கண்ணில் படுகிறது. வேலை தலைக்கு மேலே இருக்கிறது. பள்ளியைப் பார்வையிட டெப்டி இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறார். ஊரில் வெயில் இப்போதே தாங்கவில்லை. அங்கே கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

நேரமில்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஞானாபரணம்


நாசரேத்
28-3-1961

அன்புத் தம்பிக்கு,

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நாங்கள் சுகம். கூரை, தகடு, வெயில், இன்ஸ்பெக்டர் எல்லாம் எழுதினாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

அக்கா


திருப்பூர்
11-6-1961

பிரியமான அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். பள்ளி திறந்துவிட்டது. நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

சாமியாத்தாள் பிப்ரவரியிலேயே பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். கிட்டுசாமியின் கம்பெனியில் பனியன் மடிக்கும் வேலைக்குப் போனாள். மடிக்கிற வேலைதான் என்றார்கள். போன செவ்வாய்க்கிழமை ஆள் வரவில்லையென்று காலண்டர் மிஷினில் நிறுத்தியிருக்கிறார்கள். துணியை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்தெடுக்கிற மிஷின் அது. துணியோடு அவள் வலது கையும் உள்ளே போய்விட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை என் கண்ணில் படாமல் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பதினான்கு வயது முடியாத பிள்ளையைக் கம்பெனியில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அவளுக்குப் பதினான்கு முடிந்தது என்று ஒரு சான்றிதழ் இருப்பதால் வைத்தார்களாம். இப்போது பாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறார். எனக்கு மனம் சரியில்லை. அதிகம் எழுத முடியவில்லை.

ஞானாபரணம்


நாசரேத்
17-6-1961

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் என் பெண்ணுக்கு நேர்ந்தது போல அழுதேன். பையன்கள் போட்டிருந்த பனியனைக் கழற்றச் சொல்லி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. தானமாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு என்று எழுதிக் கொடுத்தவன் யார்? அவனும் ஒரு வாத்தியாராகத்தான் இருப்பான். அவனை வேலையிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையின் கையைத் தினமும் கொண்டுவந்து அவனுக்குக் காட்ட வேண்டும். யார் என்று எழுது. அவள் உன் பள்ளியில் படித்தவள். வேறு பள்ளிக்காரன் எப்படிச் சான்றிதழ் கொடுப்பான் என்று கேட்டு இந்த வரியை எழுதும்போதே என் கை நிற்கிறது.

ஞானம், நீயில்லை என்று உடனே ஒரு கார்டு போடு.

சொர்ணபாய்


திருப்பூர்
2-7-1961

அக்காவுக்கு,

நான்தான்.

இது இங்கே எல்லாத் தலைமை ஆசிரியர்களும் செய்கிற காரியம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். பள்ளியில் சேர்க்க வருகிற எந்தப் பெற்றோருக்கும் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்கிறோம். தொட்டுவிட்டால் ஆறு வயது. அந்த வருஷத்திலிருந்து ஆறைக் கழித்து ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுகிறோம். என் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளும் ஜூன் முதல் தேதிதான் பிறந்தார்கள். வருஷக் கணக்காக இப்படி எழுதிப் பழகிய கை அக்கா. நான் கொடுத்த வயதுதானே, அதில் மூன்று கூட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. ரெஜிஸ்டரில் 1949 என்று இருக்கிறது. சான்றிதழில் 1946 என்று எழுதினேன்.

வீட்டில் கஷ்டம். நல்லம்மாள் என் முன்னால் நின்று அழுதாள். மனம் பொறுக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நேற்றுக் கிட்டுசாமியின் கணக்கர் வீட்டுக்கே வந்தார். "ஒம்பத ஆறாக்கறதுக்கு எத்தன நேரமுங்க ஆகப் போகுது? உங்களுக்கும் தொந்தரவில்லீங்க, எங்களுக்கும் இல்லீங்க" என்று தம்முடைய பேனாவையே எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. வாங்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரெஜிஸ்டர் என் மேஜை மேல் இருக்கிறது. எமிலிக்கு இன்னும் எதுவும் தெரியாது.

உங்கள் கோபத்துக்குப் பாத்திரமான
ஞானாபரணம்


நாசரேத்
7-7-1961

என் தம்பிக்கு,

போன கடிதத்தில் நான் எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன். யாரோ ஒருவனுக்கு என்று எழுதினேன். உனக்கு என்று தெரிந்ததும் என் நியாயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பா இறந்தபோது உனக்கு இரண்டு வயது, என் இடுப்பிலேயே வளர்ந்தாய். அந்த நினைப்புத்தான் வருகிறது.

ரெஜிஸ்டரைத் தொடாதே. அந்த ஒன்று வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி காட்டு. ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று சொல். அதுதானே உண்மை? ஒரு தாய் அழுதாள், மனம் இளகிவிட்டது. இரக்கப்பட்டவனை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எமிலியிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

இங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உனக்காக ஜெபிக்கச் சொன்னேன். தம்பி இரக்கத்தால் தவறிவிட்டான் என்றேன். எல்லோரும் கண் கலங்கினார்கள்.

அக்கா


திருப்பூர்
30-7-1961

பிரியமுள்ள அக்காவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. ரெஜிஸ்டரைத் தொடவில்லை. இருந்தபடியே காட்டினேன். சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து என்று ஒப்புக்கொண்டேன். கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் கொடுத்தீர் என்று கேட்டார்கள். தாய் வந்து அழுது கேட்டாள், பொறுக்க முடியவில்லை என்றேன். நல்லம்மாளை உள்ளே கூப்பிட்டு, "நீதான் கேட்டாயா?" என்றார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கையும் ஒரு வருஷ இன்கிரிமெண்ட் நிறுத்தமும். அவ்வளவுதான். பள்ளி மேலாளரான குருவானவர் என் தோளில் கைவைத்து, "இளகிய மனசு ஒரு குற்றமில்லை" என்றார்.

அக்கா, இனி எழுதப்போவதை எமிலியிடம்கூட நான் சொல்லவில்லை.

நல்லம்மாள் கேட்கவில்லை. பிப்ரவரியில் கம்பெனிக் கணக்கர் ஆறு பெண் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். சுவர் கூரை மட்டத்துக்கு வந்து நின்ற சமயம். தகடு இந்த வாரமா அடுத்த வாரமா என்று நான் காத்திருந்தேன். முதலாளி சொல்லி அனுப்பினார் என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அன்று மத்தியானமே நல்லம்மாள் வேலையிலிருந்து நேராக என் அறைக்கு ஓடிவந்தாள். தலையில் சும்மாடு, கையெல்லாம் சுண்ணாம்பு. "பெரிய வாத்தியாருங்க, அவங்கப்பன் புள்ளையக் கம்பெனிக்கு அனுப்பறேன்னு நிக்கறாருங்க. வயசு பத்தாது, சட்டம் உடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னா அவரு உட்டுப்போடுவாருங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாருங்க" என்றாள். அழுதாள். அவள் அழுதது நிஜம். எதற்கு அழுதாள் என்பதைத்தான் மாற்றிவிட்டேன்.

பார்க்கலாம் என்றேன். அவள் அந்த வார்த்தையை நம்பித் திரும்பவும் மண் சுமக்கப் போனாள். ஜன்னல் வழியே அவள் சாரத்தில் ஏறுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஆறு சான்றிதழ்களும் எழுதினேன். அடுத்த புதன்கிழமை தகடு வந்தது.

ஞானாபரணம்


நாசரேத்
15-10-1961

தம்பி ஞானாபரணத்துக்கு,

இரண்டரை மாதமாக நான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை.

உன்மேல் கோபம் ஒரு பக்கம். என்மேல் எனக்கு வந்த கோபம் அதைவிடப் பெரிது. தாய் அழுது கேட்டாள் என்று நீ ஜூலையில் எழுதியபோதே எனக்கு உறுத்தியது. பெட்டியிலிருந்து உன் டிசம்பர் கடிதத்தை எடுத்தேன். எம்புள்ள வாத்தியாரம்மா ஆகவேண்டும் என்று சொன்ன அதே தாய். வாசித்தேன், மடித்தேன், திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இரக்கம் என்று சொல் என்று உனக்கு எழுதினேன். நீ சொன்ன பொய்யைப் பாதி நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் பத்துக் கற்பனைகளை மனப்பாடம் ஒப்பிக்கச் சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற ஒன்பதாவது வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

சான்றிதழ் எழுதினாய், அது ஒரு பாவம். அதற்கு அதிகாரிகள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு தாய்மேல் பொய்ச்சாட்சி சொல்லி அதில் ஒளிந்துகொண்டிருக்கிறாய். அது இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த ஊரில் அவளைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? கேட்டுப் பார்த்தாயா?

ஞானம், வேலை போனால் போகட்டும். எமிலியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. இருக்கிற கஞ்சியைக் குடிப்போம். ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் காதுபடச் சொல்ல வேண்டும். சங்கத்தில் இருந்த பெண்களிடம் நான் நேற்று உண்மையைச் சொன்னேன். யாரும் கண் கலங்கவில்லை.

இன்னமும் உன்
அக்கா


திருப்பூர்
8-12-1961

என் அக்காவுக்கு,

அத்தானும் பிள்ளைகளும் சுகமா? நாங்கள் சுகமாயிருக்கிறோம். எமிலி என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள்.

உங்கள் கடிதம் கிடைத்த பிறகும் ஐந்து வாரம் சொல்லாமல்தான் இருந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீங்கள் சொன்னபடி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்தேன். "பெத்த புள்ளைக்குப் பொய் வயசு கேட்டு வாங்குனவ" என்பதுதான் நல்லம்மாளுக்கு இப்போது பெயர். குழாயடியில் யாரும் அவளோடு சேர்ந்து நிற்பதில்லை. அவள் புருஷனே, "நீதானே வாத்தியாருகிட்ட அழுது வாங்குனே" என்று ஏசுகிறானாம். அனுப்பியவன் அவன்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, புதுக் கட்டடப் பிரதிஷ்டை. சபையார், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வழக்கு நடந்தாலும் கிட்டுசாமி முன் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு சுமந்தவர்களுக்கு வேட்டி, சேலை கொடுப்பதாக இருந்ததால் நல்லம்மாளும் வந்து கடைசியில் நின்றாள். குருவானவர் பேசும்போது, ஏழைத் தாயின் கண்ணீரைத் தாங்காத மனிதர் என்று என்னைக் காட்டினார். அந்த இடத்தில் எழுந்தேன். நன்றி சொல்லத்தான் எழுந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அலங்காரமாக ஒன்றும் சொல்லவில்லை அக்கா. "நல்லம்மாள் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. கொடுக்காதீர்கள் என்று கேட்க வந்தாள். இந்தக் கூரைக்காக நான் கொடுத்தேன். விசாரணையில் அவள்மேல் பொய் சொன்னேன்" என்றேன். மற்ற ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொன்னேன். கிட்டுசாமி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். குருவானவர் ஜெபம் செய்ய வாயெடுத்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் மட்டும் மிட்டாய் எப்போது கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நல்லம்மாள் வந்தாள். அவள் காலில் விழலாம் என்று குனிந்தேன். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று நகர்ந்துகொண்டாள். "எனக்குத் தெரியாததையா சொன்னீங்க? ஊருக்குத் தெரியோணும்னுதானுங்க இத்தன நாளா இருந்தேன். அன்னைக்கு அந்த ஆபீசருங்க கேக்கறப்ப நீங்களே சொல்லிப்போடுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னனுங்க" என்றாள். அப்படியே போய்விட்டாள். சேலையை வாங்கவில்லை.

தலைமை ஆசிரியர் பதவியிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். பள்ளியில் உதவி ஆசிரியனாக இருக்கலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. அது குருவானவர் மன்றாடிப் பெற்றது. சம்பளத்துக்கு ஏற்ற ஆறாம் வகுப்பை, புதுக் கட்டடத்தின் முதல் அறையை எனக்குக் கொடுத்தார்கள். மற்ற ஐந்து பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனேன். இரண்டு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். மூன்று பேர் வேறு யாரோ கொடுத்த சான்றிதழோடு பல்லடத்துப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சாமியாத்தாள் வீட்டுக்கு மட்டும் போகக் கால் வரவில்லை.

போன சனிக்கிழமை நல்லம்மாளே பள்ளிக்கு வந்தாள். வாசல்படி ஏறாமல் வெளியே நின்றே பேசினாள்.

"சாமியாத்தா இடது கையில எழுதிப் பழகறாளுங்க. ஆறாவதுல மறுக்காச் சேத்தோணும்."

"கூட்டிட்டு வாங்க அம்மா, திங்கட்கிழமையே" என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள். "கூட்டிட்டு வர்றனுங்க. ஆனா உங்க வகுப்புல வேண்டாமுங்க."

சரி என்றேன். ஆறாவதுக்கு ஒரே வகுப்புத்தான் இருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது. புதுத் தலைமை ஆசிரியரிடம் போய் மூன்றாம் வகுப்பைக் கேட்டேன். மூன்றாவதுக்கு உண்டான சம்பளம்தான் கிடைக்கும் என்றார். சம்மதம் என்று எழுதிக் கொடுத்து அந்த வகுப்பை வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை சாமியாத்தாள் வந்துவிட்டாள்.

உங்கள்
ஞானாபரணம்